மடக்காத கை

காப்பிப் பழமெடுப்பு முடிந்து ஐந்து நாளாகியும் பொன்னாயியின் கை நிற்கவில்லை.

மத்தியானம் மூன்று மணிதான் இருக்கும். காலையிலேயே இறங்கிவிட்ட மூடுபனி எஸ்டேட் கூலிகளின் லைன் வீட்டுக்குள்ளும் புகுந்து, அடுப்புச் சாம்பல் மணத்தோடும் ஈரச் சாக்கு மணத்தோடும் கலந்து, ஓட்டு இடுக்கிலிருந்து தகரக் குண்டாவில் ஒரு சொட்டு, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு என்று விழும் ஓசையைத் தவிர வேறெதுவும் காதில் விழாதபடி எல்லாவற்றையும் அமுக்கி வைத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே, தரையில் விரித்த சாக்கின்மேல் பொன்னாயி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். பாவம், அடித்துப் போட்டாற்போன்ற தூக்கம். வயிற்றின்மேல் கிடந்த இரண்டு கையும் மட்டும் தூங்கவில்லை. இடது கை எதையோ வளைத்துப் பிடித்திருந்தது. வலது கையின் கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து காற்றில் ஒன்றை அமுக்கிப் பார்த்தன, மெல்லத் திருகின, விட்டன. மறுபடி அமுக்கின, திருகின, விட்டன.

கருப்பண்ணன் கட்டிலில் தலையை மட்டும் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எடுப்புச் சமயத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். விடிய எழுந்து அந்தி மட்டும் காப்பிப் பழம் திருகுகிற பெண்களுக்குத் தூக்கத்திலும் விரல் ஆடும். மறுநாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் எடுப்பு முடிந்த அன்றைக்கே அது நின்றுவிடும். கல்யாணமாகி வந்த இருபது வருசத்தில் பொன்னாயிக்கு ஒரு நாள்கூடப் பிந்தினதில்லை.

அவனுக்கு இப்போது இதையெல்லாம் கவனிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. எண்பத்திரண்டு மே மாசம் நிழல் மரத்துக் கிளை கழிக்க சில்வர் ஓக்கில் ஏறினவன், அந்த நாசமாய்ப் போன மரம் காலை வாரிவிட, பாறைமேல் விழுந்தான். கீழே ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்துவிட்டு மலைக்கு வந்தபோது கழுத்துக்குக் கீழே எதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டர் மாதேஸ்வரன்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்.

“சதைக்கு ஒண்ணும் தெரியாது கருப்பண்ணா. அது எருதாட்டம். இழுக்கத் தெரியும், அவ்வளவுதான், தள்ளக்கூடத் தெரியாது. வெரலை மடக்க ஒரு சதை, நீட்ட இன்னொரு சதை. ஒண்ணு இழுக்கறப்ப மத்தது உட்டுக் குடுக்கோணும். இழுன்னு சொல்றதும் நரம்புதான், போதும் நிறுத்துன்னு சொல்றதும் நரம்புதான். சைக்கிள் பிரேக்குக் கம்பி இருக்குதல்ல, அதை நெனச்சுக்க. உனக்குக் கழுத்துகிட்டக் கம்பி அந்துபோச்சு. கைகாலு கெட்டுப்போகலை, சேதி போய்ச் சேரமாட்டேங்குது.”

“அப்ப மூஞ்சி மட்டும் எப்படிங்க ஆடுது?”

“மூஞ்சிக்குப் போற நரம்பு கழுத்துப் பக்கமே வர்றதில்லை. நேரா மண்டையில இருந்தே வருது. எங்கே, கண்ணை இறுக்கி மூடு பாக்கலாம்.” அவர் விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தார். “அக்காங்! கல்லாட்டம் இருக்குது. அதையாச்சும் சாமி உனக்கு உட்டு வெச்சிருக்குது.”

சில சமயம் போர்வை பட்டால் அவன் கால் தானாக உதறும். முதல் தடவை அதைப் பார்த்துப் பொன்னாயி குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். கம்பவுண்டர்தான் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். “அது அவன் ஆட்டறதில்லை சாமி. முதுகுத்தண்டு சில வேலையை மண்டையைக் கேக்காமலே செஞ்சுபோடும். பழகின வேலைன்னா இன்னும் சுளுவு.” அன்றிலிருந்து அவனுடைய கை பொன்னாயியின் கைதான். ஊட்டுவதும் துடைப்பதும், புண் வராமல் ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவதும் அந்தக் கை. அதே கைதான் தோட்டத்துக்கும் போய்வரும்.

இந்த வருசம் அந்தக் கையை மடக்கவிடாதவன் கருப்பண்ணன்.

எடுப்பு மூன்று சுற்று. முதல் இரண்டு சுற்றிலும் ஒவ்வொரு பழத்தையும் விரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். மெத்தென்று இருந்தால் திருகி எடுத்துக்கொள்வார்கள். கல்லாக இருந்தால் பச்சை, செடியிலேயே விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்கு வருவார்கள். கடைசிச் சுற்றில் இந்தப் பார்வையெல்லாம் கிடையாது. செடிக்கடியில் சாக்கை விரித்து, பச்சையோ பழமோ, அமுக்கிக்கூடப் பார்க்காமல் உருவி எடுத்துவிடுவார்கள். அது முடிந்ததும் அந்த லைன் பெண்களுக்கு ஒரு வழக்கம். அவரவர் கடைசிச் செடிக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் விரல் விரலாக மடக்கி, “எல்லாம் எடுத்தாச்சு, இனி ஒண்ணுமில்லை, போய்ப் படு” என்று கைக்குச் சொல்வார்கள். கை மடக்கறது என்று அதற்குப் பேர். அப்புறம் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் கொடுக்கும் வெல்லப்பொரி, ஆட்டம், பாட்டு.

அன்றைக்கு அந்தப் பாட்டும் சிரிப்பும் சரிவிலிருந்து மேலே ஏறி வந்து, கட்டிலில் கிடந்தவன் காதில் விழுந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூவாயி தண்ணீர் கொடுக்க எட்டிப் பார்த்தபோது, “மூச்சு முட்டுதுன்னு அவகிட்டச் சொல்லு அக்கா” என்று பொய் சொல்லி அனுப்பினான். கடைசிச் செடியில் பாதியை அப்படியே விட்டுவிட்டுப் பொன்னாயி ஓடி வந்தாள். அவன் மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

“ஒரு நிமிசமுங்க. செடியை முடிச்சு, கையை மடக்கிப்போட்டு ஓடியாந்தர்றேன்” என்றாள்.

“மடக்கறாளாமா மடக்கறது! புருசன் சாகக் கெடக்கறான், உனக்குப் பொரி கேக்குதா? போறதுன்னா அப்படியே போயிரு.”

அவள் போகவில்லை. மறுநாள் கீழே ஊரில் மாரியம்மன் பண்டிகை என்று லைனே மூட்டை கட்டிக்கொண்டு குப்பனூர் வழியாக இறங்கும் பஸ்ஸில் ஏறியது. கம்பவுண்டரும் லீவில் போனார். கிளம்பும்போது பூவாயி தன் கோழியைப் பொன்னாயியிடம் ஒப்படைத்துவிட்டு, “மடக்காத கையோட ஊட்டுக்குள்ள இருக்காதே புள்ள. நொம்பத் தப்பு. இன்னைக்கே போய் அந்தச் செடியை முடிச்சுப்போட்டு வந்துரு” என்றாள். பொன்னாயி கருப்பண்ணனைப் பார்த்தாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போகலாமென்று ஒப்புக்கொண்டால் மூச்சு முட்டியது பொய் என்பது வெளியே வந்துவிடும். ஆக, பன்னிரண்டு வீட்டு லைனில் இப்போது இவர்கள் இரண்டு பேரும் ஒரு கோழியும்தான் மிச்சம்.

ஆறாம் நாள் காலையில் அவன் சட்டையில் பித்தான் ஒன்றுகூட இல்லை. பிய்த்த மாதிரியும் தெரியவில்லை. துணி கிழியாமல், நூல் மட்டும் காம்புபோல நின்றது. ஐந்து பித்தானும், பழம் பறித்துப் போட அவள் கட்டிக்கொள்கிற இடுப்புச் சாக்குக்குள் அடியில் கிடந்தன.

“நான் எப்பங்க இதை எடுத்தேன்?” என்று பொன்னாயி அவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். யோசிப்பதற்குக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஊசியை எடுத்து ஒவ்வொன்றாகத் தைத்துவிட்டு, அவனைப் புரட்டிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தாள். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஏழாம் நாள் கோழி சுவரில் முட்டியது.

முதலில் அவனுக்கு விளங்கவில்லை. வாசற்படியில் ஏறி உள்ளே வந்தது, நேராக நடந்து போய்ச் சுவரில் முட்டியது, நின்றது, கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்தது, மறுபடி நடந்து கட்டில் காலில் முட்டியது. சத்தமே போடவில்லை. கட்டிலுக்கு நேர் கீழே வந்து தலையைத் தூக்கியபோதுதான் பார்த்தான். இரண்டு பக்கமும் கண் இருந்த இடத்தில் சுத்தமாக, ரத்தமே அதிகமில்லாமல், பள்ளம். திருகத் தெரிந்த கை. அவன் பார்வை தானாக ஆணியில் தொங்கிய இடுப்புச் சாக்குக்குப் போனது. அதன் அடியில், நனைந்த இடத்தில், சின்னதாக ஏதோ கனத்துக்கொண்டிருந்தது.

“கீரிப்புள்ள ஏதாச்சும் கடிச்சுப்போட்டுதோ என்னவோ. பூவாயிக்கா வந்தா நான் என்னன்னு சொல்லுவேன்” என்று பொன்னாயி கோழியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழும்போதும் வலது கை கோழியின் கொண்டையைத் தடவித் தடவி, எதையோ தேடி, இல்லை என்று விட்டது. அதை அவள் பார்க்கவில்லை, அவன் பார்த்தான். சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் கையைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்துவிடுவாள், அந்த மாதிரிப் பெண். அந்தக் கை போனால் தனக்கு யார் கஞ்சி ஊட்டுவது, யார் புரட்டுவது என்றுதான் அவன் புத்தி போனது. சீ, என்ன மனுசன் நான் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் பனி சன்னலை அடைத்துவிட்டது. கருப்பண்ணன் அரைத் தூக்கத்தில் இருந்தான். காப்பித் தழை வாசமும் விளக்கெண்ணெய் வாசமும் முகத்துக்கு மிக அருகில் வந்தன. அவனுக்குத் தெரிந்த வாசம்தான். அதனால் பயப்படவில்லை. நெற்றி மயிரை ஒரு கை மெதுவாகக் கொத்தாகப் பிடித்து வளைத்தது. வலது இமைமேல் மூன்று விரல் வந்து உட்கார்ந்தது.

அமுக்கியது.

அவனுடைய உயிரெல்லாம் இமைக்கு ஓடி வந்தது. இறுக்கினான். இருக்கிற ஒரே சதை. கல்லாட்டம் இருக்குது என்று கம்பவுண்டர் சொன்ன அந்த ஒரே சதை. விரல்கள் ஒரு கணம் யோசித்தன. இடது இமைக்கு மாறின. அதையும் அமுக்கிப் பார்த்தன. கல். பச்சை. விட்டுவிட்டன.

கண்ணைத் திறந்தபோது பொன்னாயி கட்டிலோரம் நின்றுகொண்டே தூங்கினாள்.

“பொன்னாயி! ஏ புள்ள! முழிச்சுக்க!”

“என்னங்க? தண்ணி வேணுமுங்களா?” என்று திடுக்கிட்டு விழித்தாள். தன் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அவன் நெற்றியில். அங்கிருந்து ஆணியில் தொங்கிய சாக்கைப் பார்த்தாள், மூலையில் கவிழ்த்து வைத்த கூடைக்குள் கிடந்த கோழியைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அன்னைக்கு எனக்கு மூச்சு முட்டலை புள்ள” என்றான் அவன். “பொய் சொன்னேன்.”

“தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“ஓடியாறப்பவே தெரியும். உங்க மூச்சு எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்பறம் ஏன் திரும்பிப் போகலை? நான் கத்தினா கத்திட்டுப் போறேன்னு போயிருக்கலாமல்ல?”

“நொம்ப அசதியா இருந்துச்சுங்க” என்றாள். “சண்டை போடக்கூட முடியலை.”

அவனுக்கு அழுகை வந்தது. “இப்பப் போ சாமி. வெளிச்சம் இருக்கறப்பவே போ. அந்தச் செடியை முடி. கையை மடக்கிப்போட்டு வா. நான் கெடக்கறேன், எனக்கொண்ணும் ஆகாது.”

அவள் போனாள். காலடியைப் பனி விழுங்கியது. கருப்பண்ணன் சொட்டுகளை எண்ணிக்கொண்டு கிடந்தான். கூடைக்குள் கோழி எழுந்து முட்டியது, உட்கார்ந்தது, எழுந்து முட்டியது. கடைசிச் செடி பெரிய பாறைக்குப் பக்கத்தில். போக வர அரை மணி. பாதிச் செடியை உருவக் கால் மணி. போய்ச் சேர்ந்திருப்பாள். உருவிக்கொண்டிருப்பாள். மடக்கியிருப்பாள். சன்னல் சாம்பல் நிறமாகி, பிறகு அதுவும் மங்கியபோது வாசலில் காலடி கேட்டது.

“மடக்கினியா?”

காலடி வாசலைத் தாண்டவில்லை.

“பொன்னாயி. மடக்கினியா?”

“செடியில ஒண்ணுமில்லீங்க.” குரல் வாசலிலேயே நின்றது. “ஒரு பழமில்லை, ஒரு காயில்லை. குருவி தின்னுதோ, குரங்கு உருவிப்போட்டுதோ. வெறுஞ்செடி. எல்லாம் எடுத்தாச்சு, போய்ப் படுன்னு சொன்னேனுங்க. ஒவ்வொரு வெரலா மடக்கினேன். மடக்க மடக்க நிமிருதுங்க. கைக்குத் தெரியுது, தான் எடுக்கலைன்னு.”

“கட்டிக்க. கையைக் கட்டிக்க!”

“கட்டினேனுங்க. பல்லுல கடிச்சு, சேலைத் துணியில கட்டினேன். இந்தக் கை கட்டினதை அந்தக் கை அவுக்குது.”

அவள் உள்ளே வந்தாள். கண் நன்றாக விழித்திருந்தது. இந்தத் தடவை அவள் தூங்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு, தலையை இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே வந்தாள்.

“ஓடிரு புள்ள. ரைட்டர் ஊட்டுக்கு ஓடிரு.”

“காலு வரமாட்டேங்குதுங்க.”

இருபது வருசம் செடி முன்னால் நிற்கப் பழகிய கால். கட்டிலோரம் வந்து, அகட்டி, ஊன்றி நின்றது.

“நிறுத்து. மனசுக்குள்ள சொல்லு. நிறுத்துன்னு சொல்லு!”

“சொல்றேனுங்க... சொல்லிட்டேதான் இருக்கறேன்... போய்ச் சேரமாட்டேங்குதுங்க...”

இடது கை நெற்றி மயிரைப் பிடித்தது. அவன் கண்ணை இறுக்கினான்.

அமுக்கியது. கல்.

மற்றதை அமுக்கியது. கல்.

விரல் போகவில்லை. காத்திருந்தது. இமைக்குள் சிவப்பும் கறுப்புமாகப் பொறி பறந்தது. கன்னம் நடுங்கியது. நெற்றி வலித்தது. இழுக்கிற எருதுக்கும் ஒரு அளவு உண்டு. இமை ஓரம் துடிக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். விடாதே. விட்டுவிடாதே. அமுக்கியது. கல்தான். கல்தான். சாமி, கல்தான்.

விரல்கள் எடுபட்டன.

மயிரைப் பிடித்த கையும் விட்டது. கருப்பண்ணன் மூச்சை விட்டான். முகமெல்லாம் தளர்ந்து கண்ணீர் ஓடியது. சிரிப்புக்கூட வந்தது. “போயிருச்சு புள்ள. பச்சைன்னு உட்டுப்போட்டுப் போயிருச்சு. பாத்தியா? போயிருச்சு.”

பொன்னாயி சிரிக்கவில்லை.

தரையில் ஏதோ சரசரத்தது.

கண்ணைத் திறந்தான். அவள் குனிந்திருந்தாள். அவள் தினமும் படுக்கிற சாக்கு. இரண்டு கையும் அதன் இரண்டு முனையைப் பிடித்து, தூக்கி, ஒரு உதறு உதறின.

“ஏனுங்க” என்றாள் பொன்னாயி. “ஏனுங்க... ஏனுங்க...”

ஈரச் சாக்கு மணம். அவன் தலை லேசாகத் தூக்கப்பட்டது. தினமும் கஞ்சி ஊட்டத் தூக்குகிற அதே பதம், அதே ஜாக்கிரதை. கழுத்துக்குக் கீழே சாக்கு நுழைந்தது. இரண்டு காதுக்குக் கீழும் இழுத்து, சுருக்கம் நீவி, ஒன்றும் சிந்திப் போகாதபடி கை அதை விரித்துவிட்டது.

கடைசிச் சுற்று.

கண்ணை இறுக்கினான். கல்லாக இறுக்கினான். இடது கை மயிரைப் பிடித்து முகத்தைச் சன்னல் பக்கம் வளைத்தது. அவள் கண்ணீர் அவன் கன்னத்தில் சொட்டியது, சூடாக, ஒன்று, இன்னொன்று.

வலது கை அமுக்கிப் பார்க்கவில்லை.